ஆங்கில வாக்கியம் எங்கேயோ உதைக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

எழுதி முடித்த ஆங்கில வாக்கியத்தைத் திரும்பப் படிக்கும்போது ஏதோ உதைக்கிறது, எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. இந்த நிலையில் பலரும் செய்வது சொல்லை மாற்றுவது. 'பிக்' இருந்த இடத்தில் 'ஹ்யூஜ்' போடுவார்கள், ஒரு 'தி' சேர்ப்பார்கள், இருந்த கமாவை எடுப்பார்கள், எடுத்த கமாவைத் திரும்ப வைப்பார்கள். பிழை பெரும்பாலும் அங்கெல்லாம் இருக்காது. வினைச்சொல்லில் இருக்கும், இல்லையென்றால் அந்த வினைக்கு உரிய எழுவாயில் இருக்கும். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ நேராக அங்கே போகலாம், ஆனால் முதல் சோதனையை மட்டும் தாண்டிவிடாதீர்கள். உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதிப் பிழை காதிலேயே மாட்டும்.

முதல் சோதனை: முற்று எது?

வாக்கியத்தில் காலம் காட்டும் வினை எது என்று தேடி அதற்கு அடிக்கோடு போடுங்கள். பள்ளியில் வினைமுற்று, வினையெச்சம் என்று படித்தோமே, அதே வித்தியாசம்தான் இங்கேயும். 'வந்தான்' என்றால் வாக்கியம் அங்கே முடியலாம். 'வந்து' என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார். ஆங்கிலத்தில் முற்றாக நிற்பதை ஃபைனைட் வெர்ப் என்கிறார்கள்: 'கம்ஸ்', 'கேம்', 'இஸ்', 'வாஸ்', 'ஹாஸ்', 'வில்' எல்லாம் இந்த வகை. 'கமிங்', 'டு கம்' இரண்டும் எச்சம் மாதிரி. தனியாக ஒரு வாக்கியத்தை முடித்துவைக்க அவற்றால் முடியாது.

எது முற்று என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நேற்றைக்குத் தள்ளிப் பாருங்கள். 'ஷி வான்ட்ஸ் டு லேர்ன் டிரைவிங்' என்பதில் மூன்று வினை இருப்பது போலத் தெரிகிறது. நேற்றைக்குத் தள்ளினால் 'ஷி வான்டட் டு லேர்ன் டிரைவிங்'. ஒன்றுதான் உருமாறியது, மற்ற இரண்டும் அசையவே இல்லை, எனவே முற்று 'வான்ட்ஸ்' மட்டுமே. அப்புறம் அந்த வினையிடம் 'யார்?' அல்லது 'எது?' என்று கேட்டால் எழுவாய் கிடைக்கும், அதுதான் சப்ஜெக்ட். 'யாரை?' அல்லது 'எதை?' என்று கேட்டுப் பதில் வந்தால் அது செயப்படுபொருள், அதாவது ஆப்ஜெக்ட். 'இஸ்', 'வாஸ்' போன்றவற்றுக்குப் பின்னால் வருவது ஆப்ஜெக்ட் அல்ல, எழுவாய் யார், எப்படிப்பட்டது என்று சொல்லும் காம்ப்ளிமென்ட்.

1877இல் அலான்சோ ரீடு, பிரைனர்ட் கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் வாக்கியத்தைப் படமாக வரையும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு கிடைக்கோடு, அதன்மேல் எழுவாயும் வினையும், இரண்டுக்கும் நடுவே குறுக்கே வெட்டும் ஒரு செங்குத்துக் கோடு, மீதிச் சொற்கள் எல்லாம் கீழே கிளைகளாகத் தொங்கும். முழுப் படம் வரைய நமக்குப் பொறுமை கிடையாது, தேவையும் இல்லை. அந்த ஒரு செங்குத்துக் கோட்டை மட்டும் போடுங்கள். இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் முற்று. எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அங்கேதான் வேலை. 'கம் ஹியர்' மாதிரிக் கட்டளைகளில் மட்டும் இடப்பக்கம் காலியாக இருக்கலாம், 'யூ' அங்கே மறைந்து நிற்கிறது.

அறிகுறி: வலப்பக்கம் காலி, வினையே இல்லை

'மை பிரதர் எ டாக்டர்.' 'தி ரூம் வெரி ஹாட்.'

தமிழில் 'என் அண்ணன் மருத்துவர்' என்பது முழு வாக்கியம். பெயரே பயனிலையாக நின்றுவிடும், வினை தேவையில்லை. ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது, காலம் காட்ட ஒரு வினை வேண்டும், வேறு வினை இல்லாத இடத்தில் 'பி' வந்து உட்காரும். 'மை பிரதர் இஸ் எ டாக்டர்.' சின்ன வாக்கியத்தில் யாரும் இதைத் தவறவிடுவதில்லை. 'தி ரீசன் ஃபார் தி டிலே இன் சென்டிங் தி ரிப்போர்ட் வெரி சிம்பிள்' என்று நீட்டி எழுதும்போதுதான் 'இஸ்' வழியில் விழுந்துவிடுகிறது.

'பி'க்கு எட்டு வடிவங்கள்: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வெர், பீயிங், பீன். இவற்றில் ஆம், இஸ், ஆர், வாஸ், வெர் ஐந்தும் முற்று. 'பீயிங்', 'பீன்' இரண்டும் எக்காலத்திலும் முற்று ஆகாது. அதனால் 'ஹி பீன் ஹியர்' நிற்காது, 'ஹி ஹாஸ் பீன் ஹியர்' நிற்கும்.

அறிகுறி: வினைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன

'ஐ டிட் நாட் வென்ட்.' 'ஷி டஸ் நாட் லைக்ஸ் இட்.' 'ஹி கேன் ஸ்விம்ஸ்.' 'தே ஹாவ் வென்ட்.' 'ஐ ஆம் அக்ரீ.'

பார்க்க ஐந்து விதமான பிழைகள். மூலம் ஒன்றுதான், இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆங்கில இலக்கணம் கைக்கு வந்துவிடும் என்பது என் கட்சி.

'படித்துக்கொண்டிருந்தாள்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். படித்து, கொண்டு, இருந்தாள். முதல் இரண்டும் எச்சங்கள். இந்தச் செயல் எப்போது நடந்தது என்பதும், யார் செய்தார் என்பதும் கடைசித் துண்டில்தான் தெரிகின்றன. அதே செய்தி ஆங்கிலத்தில் 'ஷி வாஸ் ரீடிங்'. காலம் முதல் துண்டான 'வாஸ்' மேல் ஏறிக்கொண்டது, 'ரீடிங்' வெறும் எச்சமாகப் பின்னால் நிற்கிறது. தமிழ் வினைத்தொடருக்கு எஞ்சின் கடைசியில், ஆங்கிலத்துக்கு எஞ்சின் முன்னால். ஒரு வண்டிக்கு ஒரு எஞ்சின்தான், அதாவது காலத்தை முதல் வினையில் ஒரே ஒருமுறை காட்டினால் போதும். 'டிட்' இறந்தகாலத்தை வாங்கிக்கொண்ட பிறகு 'வென்ட்' மறுபடியும் அதையே காட்டத் தேவையில்லை, 'ஐ டிட் நாட் கோ' போதும். 'டஸ்' அந்த 'ஸ்' ஒலியை எடுத்துக்கொண்டதால் 'லைக்' மொட்டையாகத்தான் நிற்க வேண்டும்.

அடுத்தது, முன்னால் நிற்கும் துணைவினை தனக்கு அடுத்த சொல்லின் வடிவத்தை முடிவு செய்யும். டூ, டஸ், டிட் வந்தால் அடுத்தது வெறும் வடிவம். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்ற ஒன்பது மோடல்களுக்குப் பின்னாலும் வெறும் வடிவமே, 'ஹி கேன் ஸ்விம்'. ஹாவ், ஹாஸ், ஹேட் வந்தால் அடுத்தது மூன்றாம் வடிவம், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள், 'தே ஹாவ் கான்'. 'பி' குடும்பம் வந்தால் இரண்டு வாய்ப்பு: செயல் நடந்துகொண்டிருக்கிறது என்றால் 'இங்' வடிவம், எழுவாய்க்கு அந்தச் செயல் நிகழ்கிறது என்றால் (செயப்பாட்டுவினை) மூன்றாம் வடிவம். இவை எல்லாம் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தாலும் வரிசை மாறாது: மோடல், ஹாவ், பி, பிறகு முதன்மை வினை. 'தி ஹவுஸ் மஸ்ட் ஹாவ் பீன் பெயின்டட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'மஸ்ட்' சொன்னதால் 'ஹாவ்' மொட்டையாக வந்தது ('ஹவுஸ்' ஒருமை என்பதற்காக 'ஹாஸ்' ஆகவில்லை, கவனியுங்கள்), 'ஹாவ்' சொன்னதால் 'பீன்', 'பீன்' சொன்னதால் 'பெயின்டட்'. 1957இல் நோம் சாம்ஸ்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே சூத்திரமாக எழுதிக் காட்டினார். மொழியியல் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படித்துத்தான் மேலே போகிறார்கள்.

'ஐ ஆம் அக்ரீ' மட்டும் கொஞ்சம் வேறு. 'அக்ரீ' என்பதே ஒரு முழு வினை. தானே எஞ்சினாக ஓடக்கூடியது, அதற்கு முன்னால் 'ஆம்' எதற்கு? 'ஐ அக்ரீ', அவ்வளவுதான். 'ஹாப்பி', 'ரெடி' மாதிரிப் பெயரடைகளுக்குத்தான் 'ஆம்' தேவை. இன்னொன்று, 'குட் ஹாவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குட் ஆஃப்' என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்கிற பிழை. காதில் விழுவதை அப்படியே எழுதுவதால் வருவது. நாம் பெரும்பாலும் புத்தகத்தில் பார்த்து ஆங்கிலம் கற்பதால் நமக்கு இந்த நோய் குறைவு.

அறிகுறி: கேள்வி கேள்வி மாதிரி இல்லை

'வை யூ ஆர் லேட்?' 'வேர் யூ வென்ட்?'

முதல் துணைவினையை எடுத்து எழுவாய்க்கு முன்னால் வையுங்கள்: 'வை ஆர் யூ லேட்?' எடுக்கத் துணைவினையே இல்லையென்றால் 'டூ' குடும்பத்தைக் கூப்பிடுங்கள், காலம் அதற்குப் போய்விடும்: 'வேர் டிட் யூ கோ?' கேள்விச் சொல்லே எழுவாயாக இருந்தால் எதையும் நகர்த்த வேண்டாம், 'ஹூ கேம்?' அப்படியே சரி.

இதை நன்றாகப் பழகியவர்கள் அடுத்து விழும் குழி இது: 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி.' கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அது கேள்வி அல்ல, 'நோ' என்ற வினைக்கு ஆப்ஜெக்ட். அங்கே இடமாற்றம் கிடையாது. 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.' வாக்கியம் மொத்தமும் கேள்வியாக இருந்தாலும் உள்ளே இருப்பது நகராது: 'கேன் யூ டெல் மி வேர் ஹி இஸ்?' மெயில்களில் இந்தப் பிழை ஏராளம்.

அறிகுறி: இடப்பக்கம் காலி, அல்லது தப்பான ஆள் நிற்கிறார்

'இஸ் ரெயினிங்.' 'ஐ வென்ட் டு தி லைப்ரரி பட் வாஸ் குளோஸ்ட்.'

'வந்தேன்' என்றாலே நான்தான் என்று விகுதி சொல்லிவிடுகிறது, அதனால் தமிழில் எழுவாயை விட்டாலும் பொருள் கெடாது. ஆங்கில வினையில் அப்படி ஆளைக் காட்டும் விகுதி கிட்டத்தட்டக் கிடையாது, நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் மூன்றுக்கும் வரும் அந்த 'ஸ்' மட்டும் மிச்சம். எனவே எழுவாயை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்ல யாருமே இல்லாவிட்டால் 'இட்' என்ற பொம்மையையாவது நிறுத்த வேண்டும். 'இட் இஸ் ரெயினிங்' என்பதில் 'இட்' யார் என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை, இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக நிற்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் பிரச்சினை வேறு: 'வாஸ் குளோஸ்ட்' என்பதற்கு முன்னால் எதுவும் இல்லாததால் 'ஐ'யே மூடிக்கிடந்ததாகப் பொருள் வருகிறது. 'பட் இட் வாஸ் குளோஸ்ட்' என்று போடுங்கள்.

தப்பான ஆள் நிற்பது இப்படி. 'எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்' என்பதை மனதில் வைத்து 'ஃபார் மி டூ சிஸ்டர்ஸ் ஆர் தேர்' என்று எழுதுவது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தலை வலிக்கிறது, எனக்கு அவரைத் தெரியும், எனக்கு இது பிடிக்கும் என்று அனுபவிக்கிற ஆளைத் தமிழ் நான்காம் வேற்றுமையில் வைக்கும். ஆங்கிலத்தில் அநேகமாக அதே ஆள் எழுவாய் நாற்காலிக்கு வந்துவிடுவார்: 'ஐ ஹாவ் டூ சிஸ்டர்ஸ்', 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ ஹாவ் எ ஹெடேக்', 'ஐ நோ ஹிம்', 'ஐ லைக் இட்'. மனதில் 'எனக்கு' என்று தொடங்கினால் பேனாவில் 'ஐ' என்று தொடங்கிப் பாருங்கள், பெரும்பாலும் மீதி தானாக வரும்.

'மை ஃபாதர் ஹி இஸ் எ ஃபார்மர்' என்று இரண்டு பேரை உட்கார வைப்பதும் உண்டு. ஒருவரை எழுப்பிவிடுங்கள்.

அறிகுறி: 'இஸ்'ஸா 'ஆர்'ரா என்று குழப்பம்

'தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர் ரெடி.' பக்கத்தில் இருக்கும் 'நேம்ஸ்' பன்மை என்பதால் கை 'ஆர்' போட்டுவிட்டது. 'ஆஃப்'இல் தொடங்கும் துண்டை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: 'தி லிஸ்ட் இஸ் ரெடி.' 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் இஸ் கமிங்' என்பதும் அப்படியே, ஒருவர்தான் வருகிறார், ஆனால் 'ஃபிரண்ட்ஸ்' பன்மையாக இருக்க வேண்டும். எவ்ரிஒன், ஈச், நோபடி எல்லாம் ஒருமை. விரல் வித்தை பலிக்காத ஒரு இடம் உண்டு: 'எ நம்பர் ஆஃப் பீப்பிள் ஆர் வெயிட்டிங்', ஆனால் 'தி நம்பர் ஆஃப் பீப்பிள் இஸ் ஸ்மால்'. முதலாவதில் 'எ நம்பர் ஆஃப்' என்பது 'பல' என்ற அளவுதான், இரண்டாவதில் எண்ணிக்கையைப் பற்றியே பேச்சு. 'தி டீம் ஆர்' என்று படித்தால் பதற வேண்டாம், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது செல்லும்.

அறிகுறி: திருத்தும் மென்பொருள் 'ஃபிராக்மென்ட்' என்று கோடு போடுகிறது

'பிகாஸ் தி டிரெயின் வாஸ் லேட்.'

செங்குத்துக் கோட்டுச் சோதனையில் இது தேறிவிடும், எழுவாய் இருக்கிறது, முற்று இருக்கிறது. ஆனாலும் இது அரை வாக்கியம். எழுவாயும் முற்றும் சேர்ந்த ஒரு துண்டை உட்தொடர் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் பிகாஸ், இஃப், வென், ஆல்தோ, அன்டில், வைல் போன்ற சொல் ஒட்டிக்கொண்டதும் அந்த உட்தொடர் சார்ந்து நிற்கும் ஒன்றாக மாறிவிடுகிறது. 'ரயில் தாமதமானதால்' என்று சொல்லி நிறுத்தியது மாதிரி. சாய்ந்துகொள்ளப் பக்கத்தில் சொந்தக் காலில் நிற்கும் உட்தொடர் ஒன்று வேண்டும்: 'பிகாஸ் தி டிரெயின் வாஸ் லேட், வி மிஸ்ட் தி மீட்டிங்.' வாக்கியத்தை 'பிகாஸ்' என்று தொடங்கவே கூடாது என்று வகுப்பில் சொல்லித்தருவது குழந்தைகள் அரை வாக்கியம் எழுதாமல் தடுக்கத்தான், இலக்கணத்தில் அப்படி ஒரு தடை இல்லை. தாராளமாகத் தொடங்குங்கள், முடித்துவையுங்கள்.

இதற்கு நேர் எதிரான பிழை 'ஆல்தோ இட் வாஸ் லேட், பட் வி வென்ட்.' இரண்டு உட்தொடர்களைச் சேர்க்க ஒரு இணைப்புச்சொல் போதும். 'ஆல்தோ' வைத்தால் 'பட்' வேண்டாம், 'பட்' வைத்தால் 'ஆல்தோ' வேண்டாம்.

அறிகுறி: வாக்கியம் நிற்காமல் ஓடுகிறது

'ஐ வாஸ் டயர்ட், ஐ வென்ட் ஹோம்.' சொந்தக் காலில் நிற்கும் இரண்டு உட்தொடர்களை வெறும் கமா தாங்காது, இதற்குப் பெயர் கமா ஸ்ப்ளைஸ். முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது அரைப்புள்ளி, அல்லது கமாவோடு ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்ற ஏழில் ஒன்று, அல்லது 'பிகாஸ்' மாதிரி ஒன்றைப் போட்டு ஒரு பக்கத்தைச் சார்பாக்கிவிடுங்கள். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் அந்த ஏழில் இல்லை. அவற்றை இணைப்புச்சொல் என்று நம்பி முன்னால் கமா போட்டு ஓட்டுவதுதான் அலுவலகக் கடிதங்களில் அதிகம் கண்ணில் படும் கமா ஸ்ப்ளைஸ்.

நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நாலு சொல்லிலும் இந்தப் பிழை வரும், நாற்பது சொல் வாக்கியம் ஒழுங்காகவும் இருக்கும். தமிழில் 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பினேன்' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய் ஒரே முற்றில் முடிக்கப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் அதே வாக்கியம் 'ஐ காட் அப், பேத்ட், ஏட் அண்ட் லெஃப்ட்', நாலும் முற்று. எழுவாய் ஒன்றேயாகி, கடைசிக்கு முன் 'அண்ட்' வந்ததால் தப்பித்தது.

அறிகுறி: கடைசியில் ஒரு 'இட்' தொங்குகிறது

'தி புக் விச் ஐ பாட் இட் எஸ்டர்டே இஸ் குட்.' 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால். ஆங்கிலத்தில் பெயர் முதலில், விவரம் 'விச்', 'தட்', 'ஹூ' போட்டுப் பின்னால். 'விச்' என்பதே அந்தப் புத்தகம்தான், எனவே 'பாட்' என்ற வினைக்கு ஆப்ஜெக்ட் ஏற்கெனவே வந்தாயிற்று. 'இட்'டை வெட்டுங்கள்.

சில்லறைப் பிழைகள்

'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' நேரடியாக ஆப்ஜெக்ட் எடுக்கும். 'லிசன்' எடுக்காது, 'லிசன் டு மி'. 'எக்ஸ்பிளெய்ன் மி' அல்ல, 'எக்ஸ்பிளெய்ன் இட் டு மி'. இதற்கெல்லாம் விதி தேடி நேரத்தை வீணாக்காமல் வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர் மூன்றுக்கும் பன்மை 'ஸ்' கிடையாது. 'எ'வா 'ஆன்'னா என்பதை எழுத்து அல்ல, ஒலி முடிவு செய்யும்: 'ஆன் ஹவர்', 'எ யூனிவர்சிட்டி'. 'ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே' தவறு, முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஐ சா ஹிம் எஸ்டர்டே'.

எந்த அறிகுறியும் பொருந்தவில்லை, ஆனாலும் உதைக்கிறது

இலக்கணம் சுத்தமாக இருந்தும் வாக்கியம் அபத்தமாக இருக்கலாம். அதே 1957இல் சாம்ஸ்கி இதைக் காட்டத்தான் 'கலர்லெஸ் கிரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃபியூரியஸ்லி' என்ற வாக்கியத்தை முன்வைத்தார். நிறமற்ற பச்சை எண்ணங்கள் மூர்க்கமாகத் தூங்குகின்றனவாம், எழுவாய், வினை, வினையடை எல்லாம் அதனதன் இடத்தில். இப்படிப்பட்ட இடத்தில் இலக்கணத்தை நோண்டிப் பயனில்லை, சொல்ல வந்தது என்ன என்று யோசித்துத் திரும்ப எழுத வேண்டும்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள். 'வாக்கிங் இன்டு தி ரூம், தி லைட்ஸ் வென்ட் ஆஃப்.' எழுவாய் இருக்கிறது, முற்று இருக்கிறது, கமாவும் சரி. ஆனால் உள்ளே நடந்து வந்தது யார்? வாக்கியம் சொல்வதைப் பார்த்தால் விளக்குகள். 'அறைக்குள் நுழைந்து விளக்கு அணைந்தது' என்று தமிழில் எழுதினால் உடனே இடிக்கும் இல்லையா, எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும், 'நுழைந்ததும்' என்று மாற்றிவிடுவோம். ஆங்கிலத்திலும் அதே பரிகாரம்தான், எச்சத்தை உடைத்து அதற்கென்று ஒரு எழுவாயும் முற்றும் கொடுங்கள்: 'வென் ஐ வாக்ட் இன்டு தி ரூம், தி லைட்ஸ் வென்ட் ஆஃப்.'